பன்னிரண்டாம் வாரத்து இரத்தம்



2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்பது உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் கணக்கு. அதாவது பத்தில் ஒரு குழந்தை. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறு எந்த நாட்டிலும் இத்தனை இல்லை. 37 வாரம் நிறைவதற்கு முன் நடக்கும் பிரசவம் எல்லாமே குறைப்பிரசவம்தான். ஆனாலும் 36-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையும் 27-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையும் ஒரே நிலையில் இருப்பதில்லை. முதல் குழந்தை பெரும்பாலும் சில நாட்களில் தாயோடு வீட்டுக்குப் போய்விடும். அடுத்ததற்கு நுரையீரல் சரியாக விரியாது, பால் உறிஞ்ச வராது, உடம்புச் சூடு தங்காது. பிழைத்து வந்தாலும் கண் பார்வை எப்படி இருக்குமோ, மூளை எப்படி வளருமோ என்ற கவலை பெற்றோரை மாதக்கணக்கில் விடாது. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணக் காரணங்களில் முதலிடம் குறைப்பிரசவத்தின் விளைவுகளுக்குத்தான். 2019-இல் மட்டும் இப்படி இறந்த குழந்தைகள் சுமார் 9 லட்சம்.

ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பழைய கிரேக்க மருத்துவர்களும் இதே நம்பிக்கையை எழுதி வைத்திருக்கிறார்கள். அது உண்மையல்ல. வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். அந்த வாரங்களைக் கூட்டித் தர வேண்டுமானால், யாருக்கு அவை குறையப்போகின்றன என்பது முன்பே தெரிய வேண்டும். பன்னிரண்டு வாரக் கர்ப்பிணியின் கையிலிருந்து எடுக்கும் ஐந்து மில்லி இரத்தம் அதைச் சொல்லிவிடுமா? இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

முன்பே தெரிய வேண்டிய அவசியம் என்ன என்பதற்கு, தாமதமாகத் தெரிந்தால் என்ன செய்ய முடிகிறது என்று பார்த்தாலே போதும். முப்பதாம் வாரத்தில் வலி எடுத்து வரும் பெண்ணுக்கு, வலியை அடக்கும் மருந்துகளால் சராசரியாக இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தரலாம். பிரசவத்தை நிறுத்திவிட முடியாது. ஆனால் அந்த இரண்டு நாட்களுக்கு மதிப்பு வந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த ஒரு ஆராய்ச்சியால். மகப்பேறு மருத்துவர் மான்ட் லிக்கின்ஸ், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று அறிய ஆட்டின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். ஆடு முன்கூட்டியே ஈன்றது. அவர் எதிர்பாராதது வேறொன்று: மூச்சே விட முடியாத பருவத்தில் பிறந்த குட்டி மூச்சு விட்டது. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் அவர் நடத்திய சோதனை 1972-இல் வெளியானது. ஊசி போடாத தாய்மாரின் குழந்தைகளில் 25.8 விழுக்காட்டினருக்கு வந்த மூச்சுத்திணறல், போட்டவர்களின் குழந்தைகளில் 9 விழுக்காட்டினருக்கே வந்தது. இத்தனை தெளிவான முடிவு அமெரிக்காவில் பரவலான பரிந்துரையாக மாற 1994 வரை ஆனது. இடையில் 22 ஆண்டுகள். எத்தனை குழந்தைகள் அந்த இடைவெளியில் போயிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

ஆனாலும் அந்த ஊசி குறைப்பிரசவத்தைத் தடுப்பதில்லை. குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையைத் தயார்படுத்துகிறது. தடுக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் முன்னதாகத் தெரிய வேண்டும். அதற்கு இன்று நடைமுறையில் உள்ள நம்பகமான வழி இரத்தப் பரிசோதனை அல்ல, ஸ்கேன்தான். 18 முதல் 24 வாரத்துக்குள் உள்வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எச்சரிக்கை. ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தைப் பெண்ணுறுப்பின் சுரப்பில் தேடும் சோதனையும் 1990-களிலிருந்து இருக்கிறது. அந்தப் புரதம் இல்லை என்றால் அடுத்த ஓரிரு வாரத்தில் பிரசவம் ஆகாது என்று நிம்மதியாக அனுப்பிவிடலாம். இருந்தால் மட்டும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டுமே, உள்ளே மாற்றம் தொடங்கிய பிறகு பேசுகிற அடையாளங்கள்.

இரத்தம் அதற்கும் முன்பே பேசக்கூடும் என்ற நம்பிக்கைக்குக் காரணம் நஞ்சுக்கொடி. அது தாயின் இரத்தத்தில் நேரடியாக நனைந்துகொண்டிருக்கும் உறுப்பு. புரதங்களையும் ஹார்மோன்களையும் சொந்த மரபணுத் துணுக்குகளையும் அது ஓயாமல் தாயின் இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. தாயின் இரத்த நீரிலேயே சிசுவின் டிஎன்ஏ மிதக்கிறது என்று 1997-இல் டென்னிஸ் லோ குழு காட்டியது. ஊசி குத்தி பனிக்குட நீரை எடுக்காமலே சிசுவின் மரபணுக் குறைகளைச் சலித்தறியும் இன்றைய சோதனைகளுக்கு அதுதான் வித்து.

நகரத்துத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு ‘டபுள் மார்க்கர்’ என்ற பெயர் பழக்கம். 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் அந்தச் சோதனை டவுன் சிண்ட்ரோமுக்கான சலிப்பு. அதன் ரிப்போர்ட்டில் இரண்டு வரி இருக்கும். ஒன்று பீட்டா எச்சிஜி. இன்னொன்று பாப்-ஏ. எதிரே 0.9, 1.1, 0.4 என்று ஓர் எண். அதே வாரத்துக் கர்ப்பிணிகளின் நடு அளவு 1 என்று வைத்துக்கொண்டு, இந்தப் பெண்ணின் அளவு எத்தனை மடங்கு என்று சொல்வது அது. கீழே பச்சை எழுத்தில் ‘லோ ரிஸ்க்’ என்று வந்துவிட்டால் குடும்பம் தாளை மடித்து வைத்துவிடும். மேலே பாப்-ஏ 0.4 என்றிருந்ததை யாரும் கவனிப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் இல்லாத கர்ப்பங்களிலும் அந்த எண் மிகக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை, இரத்த அழுத்தக் கோளாறு, குறைப்பிரசவம் மூன்றுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று 2002-லேயே கார்டன் ஸ்மித் குழு காட்டியிருக்கிறது. கையில் இருக்கும் காகிதத்திலேயே பாதி சேதி இருக்கிறது.

பாப்-ஏ என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. அது ஒரு வெட்டும் நொதி. வளர்ச்சிக்கான ஐஜிஎஃப் என்ற ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஐபிபி-4 என்ற புரதத்தை அது வெட்டிவிடும். விடுபட்ட ஹார்மோன் நஞ்சுக்கொடியை வளர்க்கும். பாப்-ஏ குறைந்தால் வெட்டுப்படாத ஐபிபி-4 தேங்கும், வளர்ச்சி சுணங்கும். 2016-இல் அமெரிக்காவில் 5,501 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து நடந்த ஆய்வின் முடிவு வந்தபோது, எந்த முன்முடிவும் இல்லாமல் இரத்தப் புரதங்களைத் துழாவிய கருவி கடைசியில் எடுத்துக் கொடுத்த இரண்டு புரதங்களில் ஒன்று இதே ஐபிபி-4. குறைப்பிரசவம் ஆனவர்களிடம் அது கூடுதலாக இருந்தது. பாலின ஹார்மோன்களைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்ற இன்னொரு புரதம் குறைவாக இருந்தது. இரண்டின் விகிதத்தை வைத்து யூட்டா மாநிலத்து நிறுவனம் ஒன்று சோதனையை விற்பனைக்கே கொண்டுவந்தது. வெவ்வேறு பாதையில் போன இரு ஆய்வுகள் உடலின் ஒரே இயக்கத்தில் வந்து முட்டுவது, தற்செயலாகக் கிடைத்த எண் அல்ல இது என்ற தெம்பைத் தருகிறது.

தெம்பு கிடைத்தும் ஏமாந்த கதையும் இத்துறையில் உண்டு. 1995-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் ராஜர் ஸ்மித் குழு 485 கர்ப்பிணிகளின் இரத்தத்தில் சிஆர்எச் என்ற ஹார்மோனை அளந்தது. நஞ்சுக்கொடி சுரக்கும் இது, குறைமாதத்தில் பிரசவித்தவர்களிடம் 16 முதல் 20 வாரங்களிலேயே கூடுதலாகவும், நாள் கடந்து பிரசவித்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. கர்ப்ப காலத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம் நஞ்சுக்கொடிக்குள்ளேயே இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். அறிவியலாக அது அருமையான கண்டுபிடிப்பு. தனிப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஆருடம் சொல்லும் சோதனையாக அது தேறவில்லை. இரு கூட்டங்களின் சராசரி வேறுபட்டாலும், தனி ஆட்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து கிடந்தன.

2018-இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீஃபன் குவேக், டென்மார்க்கின் மாட்ஸ் மெல்பி ஆகியோரின் குழு வேறு வழியில் போனது. 31 டேனிஷ் பெண்கள் கர்ப்பகாலம் முழுக்க வாரந்தோறும் இரத்தம் கொடுத்தார்கள். இரத்த நீரில் மிதக்கும் ஆர்என்ஏ துணுக்குகளில் ஒன்பதைக் கொண்டு கர்ப்பத்தின் வயதைக் கணிக்க முடிந்தது. குறைப்பிரசவ அபாயம் உள்ள 38 அமெரிக்கப் பெண்களிடம் ஏழு மரபணுக்களின் ஆர்என்ஏ, வலி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு வரைகூட வேறுபட்டுத் தெரிந்தது. அந்தத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதைவிடத் தாயின் உடலிலிருந்தே வந்ததாகத் தோன்றியதும் எதிர்பாராதது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் அந்த 38 பேரில் குறைமாதத்தில் பிரசவித்தவர்கள் 13 பேர்தான். முன்பு சொன்ன புரத விகித ஆய்விலும் கடைசிச் சரிபார்ப்பு 18 குறைப்பிரசவங்களையும் 36 நிறைமாதப் பிரசவங்களையும் வைத்தே நடந்தது. கண்டுபிடித்தவர்களின் நேர்மையில் குறை இல்லை. குழந்தைகளின் எண்ணிக்கையில்தான் குறை.

எண்ணிக்கைக் கணக்கை அவையோர் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். புரத விகிதச் சோதனை குறைப்பிரசவம் ஆகப்போகிறவர்களில் 75 விழுக்காட்டினரைப் பிடித்தது. ஆகாதவர்களில் 74 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. இந்த அளவுள்ள ஒரு சோதனையை, இரண்டையும் 75 என்றே வைத்துக்கொண்டு, நம் ஊரில் 1,000 கர்ப்பிணிகளுக்குச் செய்வதாக நினைப்போம். இந்தியாவில் குறைப்பிரசவம் சுமார் 13 விழுக்காடு. ஆக 130 பேர். அவர்களில் சுமார் 98 பேரைச் சோதனை பிடிக்கும், 32 பேரைத் தவறவிடும். மீதி 870 பேரில் ஏறக்குறைய 218 பேருக்கு ஒரு தீங்கும் வரப்போவதில்லை, ஆனால் அபாயம் என்று முத்திரை விழும். முத்திரை விழுந்த 316 பேரில் மூன்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அது பலிக்கும். உண்மையில் பயப்பட வேண்டிய, 32 வாரத்துக்கு முந்திய பிரசவங்கள் அந்த 1,000 பேரில் 20 அளவிலேதான் இருக்கும். அவற்றைத் தேடினால் 15 பேரைப் பிடிக்க 245 பேரை வீணாகப் பயமுறுத்த வேண்டியிருக்கும். கர்ப்பிணிக்கு அந்தப் பயம் லேசான விஷயமல்ல. வேலையை விடச் சொல்வார்கள், படுக்கையைவிட்டு எழ விடமாட்டார்கள், உன் உடம்பில்தான் கோளாறு என்று மாமியார் வீட்டில் பேச்சு வரும்.

ஒரு குழாய் இரத்தத்தால் ஏன் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை? குறைப்பிரசவம் காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் டைஃபாய்டாலும் வரும், மலேரியாவாலும் வரும், டெங்குவாலும் வரும். எல்லாவற்றையும் ஒரே சோதனையில் கண்டுபிடிக்க யாரும் எதிர்பார்ப்பதில்லை. கருப்பைக்குள் ஏறும் தொற்று, நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டக் குறைவு, இரட்டைக் கர்ப்பத்தின் இழுவிசை, வலுவற்ற கருப்பை வாய், இரத்தக் கசிவு எனக் காரணங்கள் பல. ரொபெர்டோ ரொமேரோவும் அவரது சகாக்களும் 2014-இல் சயன்ஸ் இதழில் இதை வலியுறுத்தினார்கள். மேலும், குறைப்பிரசவங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தானாக வருவதே அல்ல. தாயின் இரத்த அழுத்தம் எகிறி, அல்லது சிசு வளராமல் நின்று, மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவிக்க வைப்பது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சோதனைக்கு முன்னால் நிற்பது காலண்டர். 37 வாரம் நிறைந்ததா என்று தெரிந்தால்தானே குறைப்பிரசவமா இல்லையா என்று சொல்ல முடியும்? கடைசி மாதவிலக்குத் தேதி பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பொங்கலுக்கு முந்தியா பிந்தியா என்று யோசித்துச் சொல்வார்கள். ஸ்கேன் எந்திரம் தேதி சொல்லும், ஆனால் அதற்குள் இருக்கும் சூத்திரம் பெரும்பாலும் 1980-களில் அமெரிக்காவில் ஹாட்லாக் குழு தந்தது. இந்தக் குறையை நேராகப் பிடித்துக்கொண்டது ‘கர்பினி’ ஆய்வு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு, ஃபரீதாபாதில் உள்ள டிஎச்எஸ்டிஐ நிறுவனத்தின் ஷிஞ்சினி பட்நாகர் தலைமையில் 2015-இல் ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் அது தொடங்கியது. 20 வாரத்துக்கு முன் வந்த கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிரசவம்வரை ஸ்கேனும் இரத்தமும் எடுத்துத் தொடர்ந்தார்கள். 8,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள்.

அந்தத் தரவை வைத்துச் சென்னை ஐஐடியின் ஹிமான்ஷு சின்ஹா குழு, இந்தியப் பெண்களுக்கென்றே கர்ப்ப வயதுச் சூத்திரம் உருவாக்கியது. அப்போது தெரியவந்தது கவனிக்கத்தக்கது: அதே பெண்கள், அதே குழந்தைகள், சூத்திரத்தை மட்டும் மாற்றினால் குறைப்பிரசவ விகிதம் சுமார் 11 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடு வரை மாறியது. கர்ப்பத்தின் இரண்டாவது, மூன்றாவது மும்மாதங்களுக்கான அடுத்த சூத்திரம் 2024-இல் வெளியானது. வழக்கமான சூத்திரத்தைவிடப் பிழை ஏறத்தாழ மூன்று மடங்கு குறைந்தது. வேலூர் சிஎம்சியும் புதுச்சேரி பிம்ஸ் மருத்துவமனையும் அந்தப் பணியில் கைகோத்தன. வயதே தவறாக எழுதப்பட்ட கர்ப்பத்தில் எந்த மார்க்கரும் உருப்படாது. பாப்-ஏயின் அந்த ‘0.4’ கூட வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் 0.4, ஒரு வாரம் பிசகினால் எண்ணே மாறிவிடும்.

இன்னொரு சிக்கல், இரத்தத்தைப் பாதுகாப்பது. ஆர்என்ஏ வெகு சீக்கிரம் சிதையும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றி, இரத்த நீரைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். மதியம் வரை மேசையில் கிடந்த குழாய் வேறு சேதி சொல்லும்.

இத்தனை சிரமத்துக்கும் பிறகு, அபாயம் என்று தெரிந்த பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறோம்? மார்க்கர்களைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றிலும் இந்தக் கேள்வி கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடக்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. விடை இருக்கும் இடத்தில் மார்க்கர் பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிப்ரோஸ் நிகொலாய்டிஸ் குழு, பாப்-ஏ, பிஎல்ஜிஎஃப் என்ற இரு நஞ்சுக்கொடிப் புரதங்களோடு தாயின் இரத்த அழுத்தம், கருப்பை இரத்தக் குழாயின் டாப்ளர், தாயின் உடல்நல வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து, 11 முதல் 13 வாரத்திலேயே, இரத்த அழுத்தம் எகிறும் ப்ரீஎக்ளாம்சியா என்ற கர்ப்பகாலக் கோளாறின் அபாயத்தைக் கணித்தது. அபாயம் உள்ள 1,776 பெண்களில் ஒரு பாதிக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 37 வாரத்துக்கு முன் ப்ரீஎக்ளாம்சியாவோடு நடந்த பிரசவங்கள் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காடாக இறங்கின. 2017-இல் வந்த முடிவு இது. அங்கே இரத்தம் எச்சரித்தது, மாத்திரை தடுத்தது.

தானாக வரும் குறைப்பிரசவத்துக்கு அத்தகைய துணை இன்னும் வலுவாக இல்லை. கருப்பை வாய் குறுகிய பெண்களுக்கு உள்ளே வைக்கும் புரோஜெஸ்டெரான் மாத்திரை பலன் தருகிறது. வாரம் ஒருமுறை போடும் ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டெரான் ஊசியின் கதி வேறு. 2003-இல் வந்த ஒரு நல்ல முடிவை நம்பி அமெரிக்கா 2011-இல் அதற்குத் துரித அனுமதி கொடுத்தது. சுமார் 1,700 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் காணப்படவில்லை. 2023 ஏப்ரலில் அனுமதி ரத்தானது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் வாரந்தோறும் ஊசிக்கு இடுப்பைக் காட்டியவர்கள் பயந்துபோன தாய்மார்கள்.

மறுபுறம், மார்க்கரே பார்க்காமல் நடந்த ஒரு சோதனையை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், காங்கோ, கென்யா, ஜாம்பியா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 11,976 பெண்கள். இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும். 14 வாரத்துக்கு முன்பே தொடங்கி 36 வாரம்வரை தினம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை. குறைப்பிரசவம் 13.1 விழுக்காட்டிலிருந்து 11.6-க்கு இறங்கியது; 34 வாரத்துக்கு முந்தியவை 4-லிருந்து 3.3-க்கு. பார்ப்பதற்குச் சிறிய இறக்கம். ஆனால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடக் கிடைக்கும், காசு செலவு இல்லாத மாத்திரையால் வந்த இறக்கம். 2020-இல் லான்செட் இதழில் இது வெளியானது.

ஆகவே, தமிழ்நாட்டில் விலை உயர்ந்த புதிய இரத்தச் சோதனைகளை இப்போதே எல்லோருக்கும் பரிந்துரைக்க இந்தச் சொற்பொழிவு துணியாது. அதே சமயம், ஆராய்ச்சியைக் கைவிடச் சொல்வதும் பாவம். இம்மாநிலத்துக்கென்று ஒரு வசதி இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர், ‘பிக்மி’ என்ற மாநிலப் பதிவேட்டின் எண் போட்டுக் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறார். பதிவை 12 வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். உலகில் பல நாடுகளில் ஆய்வாளர்கள் படாதபாடு பட்டுத் திரட்டுவது இந்த ஆரம்பப் பதிவைத்தான். பதிவோடு ஒரு நல்ல ஸ்கேன், இந்தியச் சூத்திரத்தில் கணித்த வயது, ஒழுங்காக அளந்த இரத்த அழுத்தம், சேமித்து வைத்த ஒரு குழாய் இரத்த நீர் ஆகியவை சேர்ந்தால் போதும். முதல் பிரசவப் பெண்கள் எல்லோருக்கும் ஆஸ்பிரின் கொடுப்பதா, பாப்-ஏயும் பிஎல்ஜிஎஃப்பும் பார்த்துத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதா என்று இரு பிரிவாக நேருக்கு நேர் ஒப்பிடலாம். 34 வாரத்துக்கு முந்திய பிரசவங்களையும், தாய்க்கு ஏற்பட்ட இரத்தப்போக்கையும், பச்சிளங்குழந்தை வார்டில் கழிந்த நாட்களையும், இறப்புகளையும் இரு பக்கமும் எண்ணிப் பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மகப்பேறு, குழந்தைநலத் துறைகள் சேர்ந்து அமர்ந்தால் அதற்கான திட்ட வரைவை எழுதிவிட முடியும்.